பாப்லர் மரத்தில் மரபணு மாற்றம்: கவலை பாக்டீரியாவைப் பற்றியா, பூவைப் பற்றியா?

மரபணு மாற்றிய மரங்களைப் பற்றி எங்கே பேசப் போனாலும் முதலில் வரும் கேள்வி பாக்டீரியாவைப் பற்றித்தான். "மரத்துக்குள் பாக்டீரியாவை விடுகிறீர்களாமே, அது இலையிலேயே இருக்குமா? காற்றில் பரவுமா? நமக்கும் தொற்றுமா?" என்று கேட்கிறார்கள். திசு வளர்ப்புக் கூடத்தில், வேகமாக வளரும் பாப்லர் என்ற மரத்தின் கன்றுகளோடு வேலை செய்பவள் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தக் கவலையில் பாதியையாவது வேறோர் இடத்துக்குத் திருப்ப வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மரபணுவை மரத்துக்குள் அனுப்ப நாங்கள் பயன்படுத்துவது அக்ரோபாக்டீரியம் என்ற, மண்ணில் வாழும் பாக்டீரியா. செடியின் தண்டில் காயம் பட்டால் அங்கே போய் ஒட்டிக்கொண்டு கழலை போன்ற வீக்கத்தை உண்டாக்கும். இந்தக் கழலை நோய்க்குக் காரணம் இதுதான் என்று ஸ்மித்தும் டவுன்செண்டும் 1907-இல் காட்டினார்கள். எப்படி உண்டாக்குகிறது என்பது தெரிய இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின. தன் டிஎன்ஏவில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் அனுப்பி, அங்கே நிலையாகச் சேர்த்துவிடுகிறது என்பதை மேரி-டெல் சில்ட்டன் குழுவினர் 1977-இல் நிரூபித்தார்கள். காயம்பட்ட செடி சுரக்கும் சில பீனால் சேர்மங்கள்தான் அதற்கு அழைப்பு.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்வது, அந்தத் துண்டில் கழலையை உண்டாக்கும் மரபணுக்களை நீக்கிவிட்டு நமக்கு வேண்டிய மரபணுவை வைப்பது. அனுப்பும் திறன் அப்படியே இருக்கும், நோய் வராது. இயற்கையிலும் இது நடந்திருக்கிறது. நாம் சாப்பிடும் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ துண்டு இருப்பதை 2015-இல் கண்டார்கள். சோதித்த 291 சர்க்கரைவள்ளி வகைகளிலும் அது இருந்தது.

வேலை நடக்கும் விதத்தைச் சொன்னால் பயம் கொஞ்சம் தெளியும். கண்ணாடிக் குப்பியில் கிருமியில்லாமல் வளர்ந்த பாப்லர் கன்றின் இலையைக் கத்தியால் சிறு துண்டுகளாக நறுக்குவோம். நறுக்கிய ஓரம்தான் காயம். அந்தத் துண்டுகளை பாக்டீரியா கலந்த திரவத்தில் சிறிது நேரம் ஊறவைத்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, இருட்டில் இரண்டு மூன்று நாள் விடுவோம். மரபணு செல்லுக்குள் போவது இந்த நாட்களில்தான். அப்புறம் துண்டுகளை நன்றாகக் கழுவி, பாக்டீரியாவைக் கொல்லும் செஃபோடாக்சிம் போன்ற ஆண்டிபயாட்டிக் கலந்த ஊடகத்தில், அதாவது கன்று வளரும் சத்துக் கூழில், வைப்போம். கூடவே செடியின் செல்களையும் வாட்டும் கேனாமைசின் என்ற இன்னோர் ஆண்டிபயாட்டிக்கும் சேர்ப்போம். புது மரபணுவோடு கேனாமைசினைத் தாங்கும் மரபணுவையும் இணைத்து அனுப்பியிருப்பதால், மாற்றம் நடந்த செல்கள் மட்டும் பச்சையாகத் துளிர்க்கும். மற்றவை வெளுத்துவிடும்.

பச்சையாகத் துளிர்த்ததெல்லாம் மாறிய கன்று என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. பக்கத்து செல்களின் பாதுகாப்பில் தப்பி வளர்ந்தவையும் இருக்கும். அதனால் துளிரை வெட்டி, கேனாமைசின் உள்ள ஊடகத்தில் வேர் விடுகிறதா என்று பார்ப்போம். தப்பி வந்தது பெரும்பாலும் அங்கே வேர் விடாது. அதற்குமேல், குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டு இருக்கிறதா என்று தேடும் பிசிஆர் சோதனை. இதில் ஒரு சிக்கல் உண்டு. கன்றுக்குள் கொஞ்சம் பாக்டீரியா ஒளிந்திருந்தாலும் பிசிஆர் "மரபணு இருக்கிறது" என்றே காட்டும். எனவே செடிக்குள் போகாத, பாக்டீரியாவிடம் மட்டுமே இருக்கும் இன்னொரு மரபணுவையும் சேர்த்துத் தேடுவோம். அதுவும் தென்பட்டால் கன்று இன்னும் சுத்தமாகவில்லை என்று பொருள். ஆண்டிபயாட்டிக்கை நிறுத்திய பிறகும் குப்பியில் பாக்டீரியா வளர்வதைக் காட்டும் வெண்படலம் எழாமல் இருக்க வேண்டும். எந்த ஆய்வுக்கூடமாவது "எங்கள் கன்று பாதுகாப்பானது" என்று சொன்னால் நான் முதலில் கேட்பது இந்தச் சோதனையைத்தான். இதை ஒழுங்காகச் செய்தால், வயலுக்குப் போகும் கன்றில் நாங்கள் பயன்படுத்திய பாக்டீரியா இருக்காது.

பாப்லரை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? கிளையை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். வேகமாக வளரும். இந்த பாக்டீரியாவுக்கும் எளிதில் இசையும். மரபணு மாற்றிய முதல் மரமே 1987-இல் வந்த கலப்பின பாப்லர்தான். களைக்கொல்லி கிளைபோசேட்டைத் தாங்கும்படி செய்தார்கள். மரங்களிலேயே முதன்முதலில் முழு மரபணுத் தொகுதி படிக்கப்பட்டதும் பாப்லருக்குத்தான், 2006-இல்.

அதன் பிறகு வந்தவற்றில் சில உண்மையிலேயே பயனுள்ளவை. புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை ஏற்றியதால் புழு அரிக்காத பிடி (Bt) பாப்லரை சீனா 2002-இல் வணிக நடவுக்கு அனுமதித்தது. காகிதக் கூழ் செய்யும்போது, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைப் பிரிக்க ஏராளமான ரசாயனம் செலவாகிறது. லிக்னினை மாற்றிய பாப்லர்களை பிரான்சிலும் இங்கிலாந்திலும் நான்கு ஆண்டு வயலில் வளர்த்துப் பார்த்ததில், அவற்றில் ஒரு வகை குறைந்த ரசாயனத்தில் கூழானது. முயலின் மரபணு ஒன்றை ஏற்றிய பாப்லர் கன்றுகள், டிரைகுளோரோஎத்திலீன் என்ற நச்சுக் கரைப்பானில் 91 சதவீதம் வரை நீரிலிருந்து அகற்றின. 2007-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு அது. ஆனால் எல்லை உண்டு. லிக்னினை அளவுக்கு மீறிக் குறைத்தால் நீரேற்றும் குழாய்கள் நெளிந்து அமுங்கி மரம் குட்டையாகிவிடும். குப்பியில் நன்றாக இருந்த கன்று வயலில் தடுமாறுவது இந்தத் துறையில் புதிதல்ல.

இப்போது பூவுக்கு வருகிறேன். நெல்லும் பருத்தியும் ஒரு பருவத்தில் அறுவடையாகிவிடும். பாப்லரோ பல ஆண்டுகள் நிற்கும். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. மகரந்தம் காற்றில் பறக்கும். பஞ்சு ஒட்டிய விதையும் காற்றில் பறக்கும். பக்கத்தில் காட்டு பாப்லர் இருந்தால் எளிதில் கலந்துவிடும். புழு அரிக்காத குணம் காட்டுக்குள் போனால் அந்தப் புழுவை நம்பி வாழும் பறவைக்கு என்ன ஆகும் என்பதை நான்கு ஆண்டு சோதனையில் அறிய முடியாது. அதனால்தான் பல நாடுகளில் சோதனை மரங்களைப் பூக்கும் வயதுக்கு முன்பே வெட்டிவிடுகிறார்கள். ஆனால் வெட்டிவிட்டால் பூத்தபின் நடப்பதைப் பற்றிய தரவும் கிடைக்காது.

இதற்குச் சிறந்த விடையாக நான் கருதுவது ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. பூவுக்கு அடிப்படையான லீஃபி என்ற மரபணுவை அடக்கிய பெண் பாப்லர்களை வயலில் பூக்கும் வரை வளர்த்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. மாற்றிய மரங்களில் சிறந்த வகைகளில் பூங்கொத்துகள் சிறுத்து, விதையும் பஞ்சும் இல்லாமல் நின்றன. வளர்ச்சி குறையவில்லை.

சட்டமும் நெடுங்காலம் பாக்டீரியாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் அக்ரோபாக்டீரியத்தைத் தாவர நோய்க்கிருமி என்று கருதியதால், அதைக் கொண்டு மாற்றிய மரம் ஒழுங்குமுறைக்குள் வந்தது. டிஎன்ஏ பூசிய உலோகத் துகள்களைச் சுட்டு மாற்றிய லோப்லாலி பைன் என்ற மரம் அந்த வரம்புக்குள் வராது என்று 2014-இல் விவசாயத் துறையே எழுதிக் கொடுத்தது. மகரந்தம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் பறக்கும். எந்த வழியில் மரபணு போனது என்பதைவிட, என்ன குணம் போனது, மரம் பூக்குமா, அருகில் உறவு மரம் உண்டா என்று கேட்கும் சட்டம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பூவை அடக்கினாலும் வேர் இருக்கிறது. பாப்லரை வெட்டிய பிறகும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். பல இனங்களில் பக்கவேரிலிருந்தும் மரத்தைத் தாண்டிக் கன்றுகள் கிளம்பும். ஆகவே சோதனை முடிந்ததும் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கவோ மருந்து வைத்து அழிக்கவோ வேண்டும், வேலிக்கு வெளியிலும் சேர்த்து அடுத்த சில ஆண்டுகள் வந்து பார்க்க வேண்டும். அப்படி வந்து பார்க்க ஆளும் பணமும் திட்டத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதை அனுமதி தரும் முன்பே கேட்க வேண்டும்.