பூனை மடியைக் கறக்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, மாங்காய்க் கூடையில் பழைய துணி விரித்துத் தாய்ப்பூனையைத் தூக்கி வந்தார். பின்பக்க மடி ஒன்று கருஞ்சிவப்பாகக் கல் போல இறுகி, காம்போரம் தோல் உடைந்து சீழ் வழிந்தது. காய்ச்சல் 105 டிகிரி. ஐந்து வாரக் குட்டிகள் நான்கையும் ஒரே நாளில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம். "பால் கட்டிக்கிச்சுங்க டாக்டர், அதான் மூணு வேளையும் கறந்து விட்டேன்" என்றார்.

இந்தக் கறக்கும் பழக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை. மடி வீங்கினால் கறந்துவிட வேண்டும் என்று மாடு வைத்திருப்பவர்களுக்குக் கை பழகியிருக்கிறது, புரிகிறது. ஆனால் அதே நீங்கள், சினை மாடு கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போது என்ன செய்கிறீர்கள்? கறப்பதை நிறுத்தித் தீவனத்தைக் குறைக்கிறீர்கள், மடி சில நாள் விம்மிவிட்டு அப்புறம் தானாக வற்றுகிறது. பூனைக்கும் அதேதான். பிதுக்கப் பிதுக்கக் குட்டி இன்னும் குடிக்கிறது என்றே அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும், சுரப்பு நிற்காது. விரல் அழுத்தியும் நகம் கீறியும் புண்ணான காம்பு வழியாகக் கிருமியும் உள்ளே போகும். சீழ் பிடித்த மடியைப் பிழிய வேண்டியிருந்தால் அதை நாங்கள் செய்துகொள்கிறோம், நீங்கள் கை வைக்காதீர்கள்.

கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்த பற்றும் வேண்டாம். மாட்டு மடிநோய்க்கு அது கேட்பதை நானே பார்த்திருக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொண்டிருக்கும் பிராணி, சுண்ணாம்பு பட்டு நாக்கு வெந்துபோனால் தண்ணீர்கூடக் குடிக்காது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

நான்காவது வாரத்திலிருந்து குட்டிகளுக்குக் குழைத்த தீனி பழக்குங்கள். எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும், அப்புறமும் ஒவ்வொன்றாகவே கொடுங்கள். பால் மறக்கும் நாட்களில் தாயின் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். பிள்ளையைப் பிரிந்து ஏங்குகிறதே என்று பாலும் கருவாடுமாக அள்ளி வைக்கிறீர்களே, அது பாலைத்தான் கூட்டும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்.

எட்டு மடி இருக்கும், தினமும் ஒருமுறை மெதுவாகத் தடவிப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி லேசாக விம்மியிருந்து பூனையும் நன்றாகச் சாப்பிட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் வற்றிவிடும். ஒன்று மட்டும் இறுகிச் சிவந்து சுட்டாலோ, சீழோ ரத்தமோ வந்தாலோ, பூனை சோர்ந்து ஒதுங்கினாலோ அன்றைக்கே கொண்டு வாருங்கள், தயவுசெய்து.

பால் வற்றிய பிறகும் பட்டாணி போல ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டால் அது பால் கட்டு இல்லை. பூனைக்கு மடியில் வரும் கட்டிகளில் பத்தில் எட்டுக்கு மேல் புற்றுநோய்தான். ஆறு மாத வயதுக்குள் கருத்தடை செய்த பூனைக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 90 சதவீதம் குறைகிறது. ஈன்ற பூனைக்கு அவ்வளவு பலன் கிடைக்காதுதான், ஆனாலும் பால் வற்றியதும் செய்துவிடுங்கள். அதுவரை வெளியே விடாதீர்கள், பால் கொடுக்கும்போதே மறுபடி சினை பிடிப்பது பூனைக்குச் சாதாரணம்.

அந்த அம்மாவின் பூனை நேற்றுத்தான் தானாக எழுந்து கொஞ்சம் மீன் தின்றது. புண் ஆறினதும் கருத்தடைக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். கொடுத்த குட்டிகள் நான்கும் ஒழுங்காகச் சாப்பிடுகின்றனவா என்று போய்ப் பார்த்து வரவும் சொல்லியிருக்கிறேன்.