தெயிரெ: சொல் விளக்கம்

ஜப்பானில் ரைஸ் குக்கர் வாங்கினால், கூடவே வரும் கையேட்டில் பெரும்பாலும் ‘ஒதெயிரெ’ என்றொரு பகுதி இருக்கும். மூடியை எப்படிக் கழற்றிக் கழுவுவது, எதைக் கொண்டு துடைப்பது என்பதெல்லாம் அதில்தான். முன்னால் நிற்கும் ‘ஒ’ மரியாதைக்குச் சேர்ப்பது. சொல் தெயிரெ. தயிர் என்று படித்துவிட வேண்டாம். தெ-இ-ரெ, மூன்றும் குறில்.

‘தெ’ என்றால் கை. ‘இரெ’ என்பது ‘இரெரு’ என்னும் வினையிலிருந்து வந்தது. உள்ளே இடுதல் என்று பொருள். ஒன்றில் கையை இட்டுச் சீராக்குவது தெயிரெ. எழுதி முடித்த கட்டுரையைத் திருத்துவதையும் ‘தெ ஒ இரெரு’ என்றே சொல்வார்கள்.

இந்தச் சொல் நன்றாகப் பொருந்தும் இடம் வாள். உறையிலிருந்து எடுத்ததும் பழைய எண்ணெயை மெல்லிய தாளால் துடைக்க வேண்டும். அப்புறம் சாணைக்கல்லின் நுண்பொடியைப் பட்டில் பொதிந்த உருண்டையால் அலகின் மேல் தட்டித் தட்டி, மறுபடி துடைத்து, புது எண்ணெய் பூச வேண்டும். அந்த எண்ணெய்க்குப் பெயர் ‘சோஜி’, அதாவது கிராம்பு. எச்சில் பட்டால் துரு பிடிக்கும் என்பதால் வாளைப் பார்த்தபடி பேசவும் கூடாது. வாளில் பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும் இத்தனையும் நடக்கும். தோட்டத்துப் பைன் மரத்துக்கும் அப்படித்தான். வசந்தத்தில் புதுத் தளிரைக் கையால் கிள்ளுவார்கள், குளிர் நெருங்கும்போது பழைய ஊசியிலைகளைக் கையாலேயே உருவி எடுப்பார்கள்.

உடைந்ததைச் சரிசெய்ய ‘ஷூரி’, கார் விமானம் போன்றவற்றுக்கு ‘செய்பி’ எனத் தனிச் சொற்கள் உண்டு. ஆகவே தெயிரெயைப் ‘பழுதுபார்த்தல்’ என்று பெயர்ப்பது பொருந்தாது. சொல்லுக்குச் சொல் ‘கைவைத்தல்’ என்று போட்டாலோ கெட்டது காரியம். தமிழில் அது அடிப்பதும் திருடுவதும் ஆகிவிடும். குக்கர் கையேட்டுக்கும் சரும அழகுக் குறிப்புக்கும் ‘பராமரிப்பு’ போதும், எல்லாருக்கும் பழகிய சொல். வாள், மரம், தோட்டம் என்று வரும்போது ‘பேணுதல்’தான் என் தேர்வு. பராமரிப்பை ஆளை வைத்தும் செய்யலாம், ஒப்பந்தம் போட்டும் செய்யலாம். பேணுவதில் அக்கறையும் சேர்ந்தே வருகிறது.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஜப்பானியச் செய்தியில் சூதாட்ட விடுதிக்குப் போலீஸ் ‘தெயிரெ’ என்று வந்தால், யாரும் அதைத் துடைத்து எண்ணெய் போடவில்லை. அங்கே அதற்குத் தமிழ் ‘அதிரடிச் சோதனை’.