படம் சீரியல் மாதிரி தெரியுதா? பேனலைக் குறை சொல்லாதீங்க

பொங்கல் லீவு வந்தாலே சர்வீஸ் கடைகளுக்கு ஒரே மாதிரி போன்தான். "அண்ணாச்சி, புது டிவில படம் சீரியல் மாதிரி தெரியுது. பேனலு போயிட்டோ?" வள்ளியூரானாலும் தென்காசியானாலும் இதே கேள்வி. 2024-இல் வந்து பிடித்துப்போன படங்களைக் குடும்பத்தோடு இன்னொரு தடவை பார்க்க உட்கார்ந்திருப்பார்கள். தியேட்டரில் கண்கலங்க வைத்த படம் வீட்டில் மட்டமாகத் தெரியும். உடனே பழி டிவி மேல், இல்லாவிட்டால் கேமராமேன் மேல். ஆள் போய்ப் பார்த்தால் ரிமோட்டில் அஞ்சு நிமிஷ வேலை. விசிட் சார்ஜ் வாங்கக் கூச்சமாக இருக்கிறது.

"வழுவழுன்னு ஓடுனா நல்ல டிவி" என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ! சினிமா விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். உங்கள் டிவித் திரை விநாடிக்கு 60 தடவை, விலை கூடியதென்றால் 120 தடவை புதுப்பிக்கிறது. நடுவே உள்ள இடைவெளியில், எடுக்கப்படாத பிரேம்களை டிவியே ஊகித்துச் செருகுகிறது. கிரிக்கெட்டுக்கு அது நல்லது, பந்து தெளிவாகத் தெரியும். சினிமாவில், கையை வீசும்போது வரும் லேசான மங்கலையும் கணக்கில் வைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். அதைத் துடைத்துவிட்டால் கதை போய், மேக்கப் போட்ட ஆட்கள் செட்டில் நிற்பது மட்டும் மிஞ்சும். சீரியல் மாதிரி தெரிவது இதனால்தான். டிவியின் ஊகம் தப்பும்போது இன்னும் மோசம். 'வாழை' படத்தில் தோட்டத்துக்குள் பிள்ளைகள் வாழைத்தார் சுமந்து நடப்பதைப் பாருங்கள்: கால்களைச் சுற்றி நிழல்போல ஒரு நெளிவு, இலை ஓரங்களில் நடுக்கம். அந்த நெளிவு படத்தில் கிடையாது, உங்கள் டிவி போட்டது.

இந்தச் செருகலை நிறுத்துவது எளிது. பிக்சர் செட்டிங்ஸுக்குள் போங்கள். சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', மற்ற பலவற்றில் 'எம்.இ.எம்.சி.' என்று இருக்கும். ஆஃப். 'லோ' வேண்டாம், ஆஃப். 'ஃபிலிம்மேக்கர்' மோடு உள்ள டிவி என்றால் அதைத் தேர்ந்தாலே போதும், அது தானே நிறுத்திவிடும். 32 இன்ச் சின்ன டிவிகளில் பெரும்பாலும் இந்த வசதியே இருக்காது. அந்த வீட்டுக்காரர்கள் தப்பித்தார்கள்.

அடுத்து 'விவிட்' மோடு. வண்ணாரப்பேட்டைக் கடையில் நாற்பது டியூப்லைட்டுக்கு நடுவே கண்ணை இழுக்க வைத்தது அது. வீட்டில் அப்படியே விட்டால் வாழையிலை பிளாஸ்டிக் பச்சையாகும், வெயிலில் கறுத்த முகம் நீலம் பாரிக்கும். 'சினிமா' அல்லது 'மூவி' மோடு போடுங்கள். கலர் டெம்பரேச்சர் 'வார்ம்'. முதலில் "மஞ்சளா இருக்கே"ன்னு தோணும். ரெண்டு நாள் பொறுங்க, கண் பழகிவிடும். ஷார்ப்னஸைக் குறையுங்கள், கூட்டினால் விவரம் கூடாது, உருவங்களைச் சுற்றி வெள்ளைக்கோடுதான் விழும். ராத்திரிக் காட்சி கண்ணுக்கே தெரியவில்லை என்றால், மின்சாரம் மிச்சப்படுத்தும் 'எனர்ஜி சேவிங்'கை முதலில் அணையுங்கள்.

சத்தத்துக்கு வருவோம். வசனம் கேட்காமல் பாட்டு மட்டும் காதைப் பிளக்கிறது என்றால், ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்து வைத்த 5.1 ஒலியை டிவியின் ரெண்டு சின்ன ஸ்பீக்கர் சமாளிக்க முடியாமல் திணறுகிறது. படம் பார்க்கும் ஆப்பில் ஆடியோவை ரெண்டு ஸ்பீக்கருக்கான 'ஸ்டீரியோ'வாக மாற்றுங்கள், டிவியில் 'கிளியர் வாய்ஸ்' போடுங்கள். ஆனால் 'கொட்டுக்காளி' பார்க்கும்போது தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள். அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ இரைச்சலும் சேவல் சத்தமும் காற்றும்தான் அங்கே இசை. வசனத்தை மட்டும் தூக்கிக் காட்டும் மோடு அதையெல்லாம் அமுக்கிவிடும். "ஸ்பீக்கர் அவுட்டா அண்ணாச்சி"ன்னு கேட்காதீங்க.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் ஜூம் போடாதீர்கள். அகலத் திரைக்கு எடுத்த படம் அப்படித்தான் வரும். ஜூம் போட்டால் ரெண்டு பக்கமும் நிற்கிற ஆள் வெட்டுப்படுவார்.

'தலைவெட்டியான் பாளையம்' வெப் சீரிஸை நம்ம நெல்லைச் சீமைக் கிராமத்துக் கதை என்று ஒரே மூச்சில் எட்டு எபிசோடும் பார்த்தவர்கள் நிறைய. அது விவரமில்லாமல் மங்கலாகத் தெரிந்ததாகச் சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது இணைய வேகம். முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 எம்பிபிஎஸ் தடையில்லாமல் வரணும். ரூட்டர் பூஜை அறைச் சுவருக்குப் பின்னால் இருந்தால் வராது. ஆப்பில் 'டேட்டா சேவர்' போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தூரமும் முக்கியம்: 43 இன்ச்சுக்கு ஆறடி, 55 இன்ச்சுக்கு ஏழரை அடிக்குள் உட்காருங்கள்.

ஒன்று கவனியுங்கள். இந்த மாற்றங்களைப் பல டிவிகள் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். செட்டாப் பாக்ஸில் சரி செய்தது ஆப்பில் சரியாக இருக்காது, வெளிச்சமும் நிழலும் கூடுதலாகத் தெரியும் எச்டிஆர் படத்துக்கும் தனியாகப் போட வேண்டும். எல்லாம் மாற்றியும் கொஞ்ச நேரத்தில் பழையபடி பளபளக்கிறதா? டிவி இன்னும் 'ஸ்டோர்' மோடில் இருக்கிறது. கடைக்காரர் மாட்டிக் கொடுத்த அவசரத்தில் விட்டிருப்பார். சிஸ்டம் செட்டிங்ஸில் 'ஹோம்' மோடுக்கு மாற்றிவிட்டு, மேலே சொன்னதை மறுபடி ஒரு தடவை செய்யுங்கள்.