அந்த ஒற்றை மாத்திரையைப் போடும் முன்

வெள்ளைப்படுதல், அரிப்பு என்று என்னிடம் வரும் பெண்களில் பலர் ஏற்கெனவே ஒரு சுற்று மருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். கணவர் மெடிக்கலுக்குப் போவார். கூட்டம் கலையும்வரை நின்று, "வீட்ல லேடீஸுக்கு அரிப்பு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். கடைக்காரருக்கும் மேற்கொண்டு கேட்கக் கூச்சம். ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒன்றைக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. மருந்தைக் குறை சொல்லவில்லை. பூஞ்சைத் தொற்றுக்கு நானும் அடிக்கடி எழுதித் தருவதுதான். எழுதுவதற்கு முன் நான் கேட்கும் கேள்விகளை அந்தக் கவுண்டரில் யாரும் கேட்பதில்லை, அதுதான் சிக்கல்.

முதலில், இது பூஞ்சைதானா? கேண்டிடா என்ற பூஞ்சையால் வரும் தொற்றில் திப்பித் திப்பியாகத் தயிர் போல வெள்ளைப்படும். அரிப்பு தாங்க முடியாது, சிறுநீர் கழிக்கும்போது எரியும், பெரும்பாலும் வாடை இருக்காது. சாம்பல் நிறத்தில் நீர்த்துப்போய் மீன் வாடை அடித்தால் அது பாக்டீரியாக் கோளாறு. மஞ்சள், பச்சை கலந்து நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்குக் கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் ஃப்ளூகோனசோல் வேலை செய்யாது. "எதுவாக இருந்தாலும் கேட்கும்" என்று மூன்று வகை மருந்துகளை ஒன்றாக அடைத்த கிட்டும் கடையில் கிடைக்கிறது. அதிலுள்ள ஆன்டிபயாடிக், அங்கே இருக்க வேண்டிய நல்ல பாக்டீரியாவைக் குறைத்துவிட்டால் அடுத்த ரவுண்டு பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். மாதத்தின் நடுவில் தெளிவாக, வழவழப்பாகப் படுவதற்கோ எந்த மருந்தும் வேண்டாம். உடம்பு உருகிப் போகிறது என்று மாமியார் சொன்னாலும் வேண்டாம்.

சரி, பூஞ்சைதான் என்று உறுதியாகிவிட்டது. "மேடம், ஒரே ஒரு மாத்திரை எப்படிப் போதும்?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஃப்ளூகோனசோல் உடம்பைவிட்டு மெதுவாகத்தான் இறங்கும். பாதி குறையவே ஏறக்குறைய 30 மணி நேரமாகும். தொற்று இருக்கும் இடத்தில் மூன்று நாளாவது நின்று வேலை செய்யும். அதனால் மறுநாள் காலையிலும் அரிப்பு இருக்கிறதே என்று இன்னொன்று போட வேண்டியதில்லை. தொற்று கடுமையாக இருந்தால் 72 மணி நேரம் கழித்து இரண்டாவது மாத்திரையை நாங்களே சொல்வோம்.

அப்புறம், வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வி. "சுகர் மாத்திரை, கேஸ் மாத்திரை, அவ்வளவுதான்" என்ற ஐம்பது வயது அம்மா ஒருவரிடம், பையில் இருப்பதையெல்லாம் மேஜையில் கொட்டச் சொன்னேன். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்தது ஒன்று, அதற்கே டாபாகிளிஃப்ளோசின், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின், வெறும் வயிற்றில் போடும் பான்டோப்ரசோல்–டோம்பெரிடோன் கேப்ஸ்யூல். ஃப்ளூகோனசோல் கிளிமிபிரைடின் வேகத்தைக் கூட்டி சர்க்கரையைத் தாழ்த்திவிடலாம். டோம்பெரிடோனோடு சேர்ந்தால் இதயத்துடிப்பின் சீர் கெட வாய்ப்பு உண்டு. அடோர்வாஸ்டாட்டினின் அளவும் ரத்தத்தில் கூடும். இதில் டாபாகிளிஃப்ளோசின்தான் சுவாரசியம். ரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதுதான் அதன் வேலை. அந்தச் சர்க்கரைதான் பூஞ்சைக்கும் தீனி. அந்த அம்மாவுக்கு அரிப்பு ஆரம்பித்ததே அந்த மாத்திரை சேர்ந்த பிறகுதான். அதற்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்து அது. சர்க்கரை டாக்டரிடம் இந்தத் தொல்லையைச் சொன்னால் போதும். ஆனால் ஆண் டாக்டர் என்பதால் அந்த அம்மா சொல்லவே இல்லை. அவருக்கு வாய்வழி மாத்திரை தராமல், பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தைக் கொடுத்தேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் போன்றவை எடுப்பவர்களும் வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவர்களும் கேட்காமல் ஃப்ளூகோனசோலைத் தொடவே கூடாது.

கர்ப்பிணிகளுக்கும் உள்ளே வைப்பதுதான், பொதுவாக 7 இரவுகள். கர்ப்ப காலத்தில் வாயால் சாப்பிடும் ஃப்ளூகோனசோலுக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற டென்மார்க் ஆய்வையொட்டி, 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ டாக்டர்களை எச்சரித்தது. மாதவிலக்கு நாள் தள்ளியிருந்தால், முதலில் யூரின் டெஸ்ட்.

உள்ளே வைக்கும் மாத்திரையைத் தண்ணீர் ஊற்றி விழுங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். தோட்டா வடிவில், விரல் நுனி அளவு இருக்கும். கவரில் எழுதாமல் கொடுத்தால் யாருக்குத்தான் தெரியும்? கை கழுவி, இரவு படுக்கும் முன் மல்லாந்து முழங்காலை மடக்கி, எவ்வளவு தூரம் உள்ளே போகுமோ அவ்வளவு தூரம் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். காலையில் வெள்ளையாகக் கரைந்து வருவது மருந்துதான். பெட்டியில் பிளாஸ்டிக் குழாய் இருந்தாலும் கர்ப்பிணிகள் விரலாலேயே வைப்பது நல்லது. இந்த மருந்து ரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேலே தடவ என்று ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்குவதை மட்டும் நான் கடுமையாகவே மறுப்பேன். இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், பூஞ்சை நிற்காது. மாதக்கணக்கில் தடவித் தோல் மெலிந்து, உள்ளாடை உரசினாலே எரிகிறது என்று வருகிறார்கள்.

அடிவயிற்று வலி, காய்ச்சல், புண், ரத்தம் கலந்து படுதல், இவற்றில் ஏதாவது இருந்தால் கடைப் பக்கமே போக வேண்டாம், நேராக வாருங்கள். வருடத்துக்கு மூன்று முறை திரும்பி வந்தாலும் அப்படியே. ஃப்ளூகோனசோலுக்கு எளிதில் அடங்காத கேண்டிடா வகைகளும் உண்டு. ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில்தான் தெரியும். கூடவே மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் பார்ப்போம். வாரம் ஒரு மாத்திரை என்று 6 மாதம் கொடுக்கும் முறையும் இருக்கிறது, அதை நாங்கள் கண்காணித்துக் கொடுப்போம். என்னிடம் வரும் நாளுக்கு முந்தைய இரவு உள்ளே எதையும் வைக்காதீர்கள், சோப்பு போட்டு உள்ளே கழுவவும் வேண்டாம். கழுவிவிட்டு வந்தால் சோதனைக்கு ஸ்வாப் என்ற பஞ்சுக் குச்சியில் எடுக்க ஒன்றும் மிஞ்சாது.