உள்ளடக்க உத்தி: சொல்லும் பொருளும்

உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரப்போகிறது என்றால் நம் பல்கலைக்கழகத் துறையின் இணையதளம் எல்லோருக்கும் நினைவுக்கு வந்துவிடும். கூட்டத்தில் யாராவது ஒருவர் 'முதல்ல ஒரு கன்டென்ட் ஸ்ட்ராட்டஜி வேணும்' என்பார். என்னென்ன போடலாம் என்று ஒரு பட்டியல் தயாராகும், வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். அந்தத் தொடருக்குப் பொருள் அந்தப் பட்டியல் அல்ல.

ஒரு தளத்தில் எது இருக்க வேண்டும், யாருக்காக இருக்க வேண்டும், அதை யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது, எப்போது திருத்துவது, எப்போது எடுத்துவிடுவது ஆகிய எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்வதுதான் கன்டென்ட் ஸ்ட்ராட்டஜி. கன்டென்ட் ஸ்ட்ராட்டஜியைப் பரவலாக அறியச்செய்தவர்களில் ஒருவரான கிறிஸ்டினா ஹால்வர்சன் 2009 இல் வந்த தம் நூலில் உருவாக்குதல், கொண்டுசேர்த்தல், ஆளுகை (யார் பொறுப்பு, எப்போது திருத்துவது என்று விதி வைத்துப் பராமரித்தல்) மூன்றையும் சேர்த்தே பேசுகிறார். நம் துறைகளில் முதலாவது நடக்கிறது. மூன்றாவதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

'கன்டென்ட்' லத்தீனிலிருந்து வந்த சொல். சேர்த்துப் பிடித்துவைத்தல் என்ற பொருளுடைய வினை அதன் வேர். தமிழில் உள் + அடக்கம் என்று ஆக்கியது பொருத்தம்தான். பொருளடக்கம் என்று புத்தகத்தில் நெடுநாளாக எழுதிவந்ததால் காதுக்கும் பழகிவிட்டது. யூடியூபர்கள் 'கன்டென்ட் கிடைச்சிருச்சு' என்பது வேறு. அங்கே அதற்கு வீடியோ போட ஒரு விஷயம் என்றுதான் அர்த்தம்.

'ஸ்ட்ராட்டஜி' போர்க்களத்துச் சொல். கிரேக்கத்தில் ஸ்த்ராதோஸ் என்றால் படை, அதை நடத்துபவர் ஸ்த்ராதேகோஸ். ஏதென்ஸ் நகரம் ஆண்டுதோறும் பத்துத் தளபதிகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், 1960களில் நிர்வாகவியலுக்குள் நுழைந்து, அங்கிருந்து இணையத்துக்கு வந்தது.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. நாளிதழ்கள் 'தேர்தல் வியூகம்' என்று எழுதுவதால் வியூகம் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அது படை அணிவகுப்பு. எதிரி ஒருவர் இல்லாமல் அந்தச் சொல் நிற்காது. பிளஸ் டூ முடித்துவிட்டுப் பாடப்பிரிவு தேடி வரும் பிள்ளை நமக்கு எதிரியா? இலங்கையில் அரசு ஆவணங்களில் மூலோபாயம் நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ எழுதுபவர்கள் அதையே தொடரலாம், வாசகருக்குத் தடை இருக்காது. தமிழ்நாட்டு வாசகருக்கு அது அகராதியைத் தேடவைக்கும் சொல். மூன்றாவது உத்தி. என் தேர்வு இதுதான். அதற்கான காரணம் தொல்காப்பியத்தில் இருக்கிறது.

அதன் மரபியல் என்ற பகுதியில், பத்துக் குற்றமும் இல்லாமல் 32 வகை உத்தியோடு பொருந்தி வந்தால்தான் அது நூல் என்கிறார் தொல்காப்பியர். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் 32 தந்திரயுக்திகள், அதாவது நூலை அமைக்கும் முறைகள், உண்டு. உத்தி என்பதே யுக்தியின் தமிழ் வடிவம் என்பது அறிஞர் பலரின் கருத்து. தனித்தமிழ் பார்ப்பவர்களுக்கு இது உறுத்தலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: தொல்காப்பியத்தில் உத்தி என்ற சொல் உள்ளடக்கத்தை ஒழுங்கு செய்வதற்காகத்தான் புழங்கியிருக்கிறது. நுதலியது அறிதல், தொகுத்துக் கூறல், வகுத்து மெய்ந்நிறுத்தல், இறந்தது காத்தல், எதிரது போற்றல். சொல்ல வந்தது எது என்று தெளிவாக்கு, தொகு, வகு, பழையதில் காக்க வேண்டியதைக் காத்துக்கொள், வரப்போவதற்கும் இடம் வை. போருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

குற்றங்களின் பட்டியல் இன்னும் அருமை. கூறியது கூறல், மாறுகொளக் கூறல், குன்றக் கூறல், மிகைபடக் கூறல்... ஏதாவது ஒரு துறையின் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இவற்றைப் படித்துப் பாருங்கள். முதுகலைச் சேர்க்கைத் தகுதி 'பாடப்பிரிவுகள்' பக்கத்தில் ஒரு மாதிரி, 'சேர்க்கை' பக்கத்தில் ஒரு மாதிரி, பிடிஎஃப் கையேட்டில் மூன்றாவது மாதிரி இருக்கும். கூறியது கூறினால் மாறுகொளக் கூறலில்தான் போய் முடியும். ஒரு செய்தி ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும், மற்ற பக்கங்கள் அங்கே இணைப்புக் கொடுத்தால் போதும் என்ற விதியை எழுதி வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். மிகைபடக் கூறலுக்கு முகப்புப் பக்கத்தில் தலைவரின் வாழ்த்துரையும் நகரும் படங்களும் உதாரணம். குன்றக் கூறலுக்கு, தேடினாலும் கிடைக்காத கட்டணமும் கடைசித் தேதியும். பல்கலைக்கழக முகப்பில் இருப்பதற்கும் மக்கள் அங்கே தேடுவதற்கும் பொதுவாக இருப்பது நிறுவனத்தின் முழுப்பெயர் மட்டும்தான் என்று ரேண்டல் மன்றோ 2010 இல் எக்ஸ்கேசிடி (xkcd) என்ற தம் இணையக் கேலிச்சித்திரத் தொடரில் வரைந்தது நமக்கும் அப்படியே பொருந்துகிறது.

'கேட்போர்க்கு இன்னா யாப்பிற்று ஆதல்' என்றும் ஒரு குற்றம் உண்டு. கேட்பவருக்குத் துன்பம் தரும் அமைப்பு. தமிழ்த் துறை ஒன்றின் பழைய கருத்தரங்கப் பக்கத்தைத் திறந்தேன். யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் ஏற்றியிருந்ததால் திரை முழுக்க அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் ரோமன் எழுத்துமாகக் கிடந்தது. தமிழ்நாடு அரசு 2010 இலேயே யுனிகோடை ஏற்றுவிட்டது. ஆனாலும் அந்தப் பக்கத்தை மாற்ற வேண்டியவர் யார் என்று ஒருவர் பெயரையும் யாரும் எழுதி வைக்கவில்லை. கட்டுரைத் தலைப்புகளைத் தேடுபொறியும் கண்டுபிடிக்காது. இறந்தது காத்தல் இல்லாமல் போனால் இப்படித்தான் ஆகும்.

இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. உள்ளடக்கத்தைத் தருவது, சரிபார்ப்பது, ஒப்புதல் தருவது யார் யார் என்று ஒரு கொள்கை, மறுபார்வைக்கு ஒன்று, காப்பகத்துக்கு ஒன்று எனத் தனித்தனியே எழுதி வைக்கச் சொல்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2016 பிஎச்.டி. விதிமுறையும் ஆய்வு மாணவர் பெயர், தலைப்பு, நெறியாளர், பதிவு செய்த தேதி ஆகியவற்றை ஆண்டுவாரியாகத் தளத்தில் வைத்திருக்கச் சொன்னது. அப்படியென்றால் ஒவ்வொரு பதிவு முடிந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து திருத்த ஓர் ஆள் வேண்டும். துறைத் தலைவர் சுழற்சியில் மாறுவார், ஒப்பந்தத்தில் வந்த கணினி உதவியாளர் போய்விடுவார். அதனால் பொறுப்பை ஆள் பெயரில் இல்லாமல் பதவியின் பெயரில் எழுதுவது நல்லது.

உடன் வரும் சொற்களையும் சொல்லிவிடுகிறேன். தளத்தில் இருக்கும் எல்லாப் பக்கங்களையும் எண்ணிக் குறிப்பது இருப்புப் பட்டியல், நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு என்கிறோமே, அதே பொருளில். ஒவ்வொன்றும் சரியா, பழசா, தேவையா என்று பார்ப்பது உள்ளடக்கத் தணிக்கை. எந்த மாதம் எதை வெளியிடுவது என்ற கால அட்டவணைக்கு மட்டும் உள்ளடக்கத் திட்டம் என்று சொல்லுங்கள். அதை உத்தி என்று அழைத்தால் கூட்டத்தில் பட்டியலோடு எழுந்து போய்விடுவார்கள்.