குவேக்கர்: பிறர் இட்ட பெயரும் தாமே சூடிய பெயரும்

குவேக்கர் என்பது பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறித்தவ இயக்கத்தாரைக் குறிக்கும் சொல். நேர்ப்பொருள் ‘நடுங்குபவர்’. ‘நடுங்கு’, ‘அதிர்’ என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்தது. மூல ஒலிப்புக்கு நெருங்கிய எழுத்து ‘குவேக்கர்’தான். கடைகளில் விற்கும் ஓட்ஸ் பெட்டிகளின் வழியே ‘குவாக்கர்’ என்ற வடிவமும் நம்மிடம் பரவிவிட்டது. ஓட்ஸ் நிறுவனத்துக்கும் இந்தச் சமயத்தாருக்கும் எந்த உறவும் கிடையாது. குவேக்கர்கள் நாணயமானவர்கள் என்று மக்களிடையே நல்ல பெயர் இருந்தது. அதை நம்பி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆலை ஒன்று 1877-இல் அந்தப் பெயரைத் தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டது, அவ்வளவுதான்.

இந்தப் பெயர் முதலில் வசையாகத்தான் பிறந்தது. இயக்கத்தின் முன்னோடி ஜார்ஜ் ஃபாக்ஸ் 1650-இல் டார்பி நகரில் தெய்வநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு, நீதிபதி ஜெர்வாஸ் பென்னட் முன் நிறுத்தப்பட்டார். ‘ஆண்டவரின் வார்த்தைக்கு நீங்கள்தாம் நடுங்க வேண்டும்’ என்று விசாரித்தவர்களையே பார்த்துச் சொன்னார் ஃபாக்ஸ். ‘நடுங்கிகள்’ என்று பென்னட் ஏளனம் செய்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. ஃபாக்ஸின் பேச்சுக்குப் பின்னால் ஏசாயாவின் வசனம் நிற்கிறது: ‘ஆவியில் நொறுங்குண்டு, என் வசனத்துக்கு நடுங்குகிறவனையே நோக்கிப்பார்ப்பேன்’ என்கிறது தமிழ் வேதாகமம்.

அவர்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயர் வேறு: நண்பர்கள். யோவான் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் இயேசு சீடர்களிடம் ‘இனி நான் உங்களை ஊழியக்காரரென்று சொல்லுகிறதில்லை… உங்களைச் சிநேகிதர் என்றேன்’ என்று சொல்லும் இடத்தோடு சேர்த்தே இந்தப் பெயர் எப்போதும் சொல்லப்படுகிறது. அங்கே தமிழில் ‘ஊழியக்காரர்’ என்று வந்திருக்கும் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் உள்ள ‘தூலோஸ்’ என்பதன் நேர்ப்பொருள் அடிமை. அதாவது, ‘இனி நீங்கள் அடிமைகள் இல்லை, நண்பர்கள்’ என்று சொல்லும் வசனத்திலிருந்து பெயர் பெற்ற கூட்டம் இது. தமிழருக்கு இந்த மாற்றம் புதிதன்று. திருவெண்ணெய்நல்லூரில் ஆளோலை காட்டி ‘இவன் எனக்கு அடிமை’ என்று இறைவன் வழக்காடி மீட்ட சுந்தரர்தான் பின்னால் ‘தம்பிரான் தோழர்’ ஆனார். சைவம் அவருடைய வழியைச் சகமார்க்கம், தோழமை நெறி, என்றே வகுத்தது. ஓலையில் எழுதிய அடிமைத்தனமும் தோழமையும் ஒரே வாழ்க்கைக்குள் அருகருகே நிற்பதை நம் மரபும் கண்டிருக்கிறது.

நண்பர் என்ற பெயர் நாள்தோறும் என்ன கேட்டது என்று பார்த்தால்தான் சொல் துலங்கும். எல்லா மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி உண்டு என்பது அவர்களுடைய அடிப்படை. தமிழில் ‘உள்ளொளி’ என்றால் போதும். உள்ளொளி எல்லாருக்கும் உண்டு என்றால் குரு எதற்கு? ஆகவே குருமார் இல்லாமல் அமைதியாகக் கூடி அமர்ந்தார்கள். உள்ளே உந்துதல் வந்தவர், பெண்ணானாலும், எழுந்து பேசலாம். உயர்ந்தோரை ‘நீங்கள்’ என்றும் தாழ்ந்தோரை ‘நீ’ என்றும் பிரித்து அழைக்கும் வழக்கம் அன்றைய ஆங்கிலத்திலும் இருந்தது. இவர்கள் நீதிபதியையும் ‘நீ’ என்றே அழைத்தார்கள். பெரிய மனிதர் முன் தொப்பியைக் கழற்ற மறுத்தார்கள். பண்ணையார் எதிரே வந்தால் தோள் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டியிருந்த ஊர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரு தொப்பிக்காக ஏன் சிறைக்குப் போனார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

சத்தியம் செய்யவும் மறுத்தார்கள். மெய் பேசுவது எப்போதும் கடமையாக இருக்கும்போது, நீதிமன்றத்தில் மட்டும் தனியாக ஒரு சத்தியம் எதற்கு என்பது அவர்கள் வாதம். இவர்களுக்காகவே 1690-களில் ஆங்கிலச் சட்டம் சத்தியத்துக்குப் பதிலாக ‘உறுதிகூறல்’ என்பதை ஏற்றது. நம் சட்டமன்றத்தில் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்று பதவியேற்பவர்களைக் கேட்கும்போது எனக்கு அந்தப் பழைய போராட்டம் நினைவுக்கு வருகிறது.

அடிமை முறையில் மட்டும் இவர்கள் தொடக்கம் முதலே தூயவர்களாக இருந்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கர் வில்லியம் பென் அடிமைகளை வைத்திருந்தார். 1688-இல் அதே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நால்வர் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தபோது, மேலமைப்புகள் அதைக் கையிலெடுக்காமல் ஒதுக்கின. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உட்சண்டைக்குப் பிறகே, 1776-இல், அடிமைகளை வைத்திருப்பவர் நண்பராக நீடிக்க முடியாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவு செய்தது. அதன்பின் வேகம் கூடியது. 1783-இல் லண்டன் குவேக்கர்கள் அடிமை வணிகத்துக்கு எதிராக நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 1787-இல் லண்டனில் அமைந்த ஒழிப்புக் குழுவின் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் இவர்கள்.

பெயரின் பொருளை ஒரு குடும்பத்துக்குள் வைத்துப் பார்க்க, வட இங்கிலாந்தின் டார்லிங்டன் நகரத்து பீஸ் குடும்பத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கம்பளி வணிகத்தில் செல்வம் சேர்த்த குடும்பம். அண்ணன் எட்வர்ட் பீஸ், 1825-இல் ஓடத் தொடங்கிய ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில் பாதைக்குப் பின்னால் நின்றவர்; ரயில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சனை அந்த வேலைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. தம்பி ஜோசப் பீஸ் அடிமை ஒழிப்பில் இறங்கினார். தம்பியின் மகள் எலிசபெத், 1807-இல் பிறந்தவர். பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்த ஆண்டும் அதுதான்.

எலிசபெத்தின் பெரியப்பா மகன், அவர் பெயரும் ஜோசப்தான், 1832 தேர்தலில் வென்று, சத்தியம் செய்யாமல் உறுதி மட்டும் கூறி மக்களவையில் அமர்ந்த முதல் குவேக்கர். அவர் அமர்ந்திருந்த அந்த அவைதான் 1833-இல் அடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அவருடைய தம்பி ஹென்றி 1854-இல் பர்மிங்ஹாம் குவேக்கர் ஜோசப் ஸ்டர்ஜோடும் ராபர்ட் சார்ல்ட்டனோடும் கடுங்குளிரில் ரஷ்யாவுக்குப் பயணம் செய்து, கிரிமியப் போரைத் தவிர்க்கும்படி ஜார் மன்னரை நேரில் வேண்டினார். போர் நிற்கவில்லை. ஸ்டர்ஜ் அதற்கு முன்பே மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய், விடுதலை என்று பெயருக்கு அறிவித்துவிட்டு ‘தொழில் பழகுநர்’ என்ற போர்வையில் பழைய அடிமைகளைத் தோட்டங்களிலேயே கட்டிப்போட்டிருந்த கொடுமையை வெளிக்கொண்டுவந்தவர். அந்த ஏற்பாடு 1838-இல் முடிவுக்கு வந்தது. 1833-ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடாக 2 கோடி பவுண்டு வழங்கப்பட்டது; அதை வாங்கியவர்கள் அடிமைகளை வைத்திருந்தவர்கள். உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. இதை எழுதும்போது கை இறுகுகிறது.

ஆனால் இந்தக் குடும்பத்தில் நான் மிகவும் மதிப்பவர் எலிசபெத். அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய வில்லியம் லாய்டு கேரிசன், வெண்டல் பிலிப்ஸ் முதலானவர்களோடு ஆண்டுக்கணக்கில் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1840 ஜூனில் லண்டனில் உலக அடிமை ஒழிப்பு மாநாடு கூடியது. குவேக்கரான லுக்ரீஷியா மாட் உள்ளிட்ட பெண் பிரதிநிதிகள் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்திருந்தார்கள். அவர்களைப் பிரதிநிதிகளாக ஏற்க முடியாது என்று மாநாடு சொல்லிவிட்டது. ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றது. தாமதமாக வந்துசேர்ந்த கேரிசன், கறுப்பினப் பேச்சாளர் சார்லஸ் லெனாக்ஸ் ரெமண்ட் ஆகியோர் அந்த அநீதியைக் கண்டித்து அவைக்குள் அமராமல் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்தார்கள். எலிசபெத்தும் அந்த மாநாட்டில் இருந்தார்; பெஞ்சமின் ஹேடன் தீட்டிய மாநாட்டு ஓவியத்தில் அவர் முகம் இருக்கிறது. எட்டு ஆண்டுகள் கழித்து, லுக்ரீஷியா மாட்டும், லண்டனில் அவருக்கு அறிமுகமான எலிசபெத் கேடி ஸ்டான்டனும், இன்னும் சில குவேக்கர் பெண்களும் சேர்ந்து அமெரிக்காவின் செனகா ஃபால்ஸ் என்ற ஊரில் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டினார்கள்.

அதே 1840-இல் எலிசபெத் செய்த இன்னொரு காரியம் துணிச்சலில் அதைவிடப் பெரியது. அமெரிக்க நண்பர் கூட்டங்களில் கறுப்பினத்தவர் தனி இருக்கையில் ஒதுக்கி உட்கார வைக்கப்பட்டார்கள். அந்த அவமானத்தைப் பற்றி அமெரிக்க அடிமை முறை எதிர்ப்பாளர் சாரா கிரிம்கி எழுதியனுப்பிய செய்திகளைக் கொண்டு ஒரு சிறுநூலை அச்சிட்டுத் தன் சொந்தச் சபையாரிடமே பரப்பினார். எல்லார் உள்ளேயும் ஒளி உண்டு என்று சொல்லிவிட்டுத் தனி பெஞ்சு போட்டவர்களின் முகத்துக்கு எதிரே ‘நண்பர்’ என்ற சொல்லை நிறுத்தியவர் அவர். வாக்குரிமை கேட்ட தொழிலாளர்களின் சார்ட்டிஸ்ட் இயக்கத்திடமும் அவருக்குப் பரிவு இருந்தது. ஆலை முதலாளிகளின் வீட்டில் பிறந்த பெண்ணிடம் இதை எளிதில் எதிர்பார்க்க முடியாது.

குவேக்கர் வரலாறு நம் மண்ணைத் தொடும் இடமும் இந்த வீட்டில்தான் இருக்கிறது. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் பேரரசு முழுவதற்கும் பொருந்தியதாகவே பலரும் நினைக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் செயின்ட் ஹெலினா தீவும் அதில் வெளிப்படையாக விலக்கப்பட்டிருந்தன. தஞ்சை வயல்களில் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தவர்களும் யாழ்ப்பாணத்தில் சட்டப்படியே அடிமைகளாக இருந்தவர்களும் அந்த விடுதலைக்கு வெளியே நின்றார்கள். எலிசபெத்தின் தந்தை ஜோசப் பீஸ் இதைப் பொறுக்காதவர்களில் ஒருவர். 1839-இல், பேச்சாற்றல் மிக்க ஜார்ஜ் தாம்சன் முதலானவர்களோடு சேர்ந்து பிரிட்டிஷ் இந்தியச் சங்கத்தைத் தொடங்கினார். இந்தியாவின் நிலவரிச் சுமை, பஞ்சங்கள், அடிமை முறை எல்லாவற்றையும் ஆங்கில மக்கள் முன் வைப்பது நோக்கம். இந்திய உழவர் கட்டின்றி விளைவிக்கும் பருத்தி, அமெரிக்க அடிமைகள் பறிக்கும் பருத்தியைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும் என்ற கணக்கும் அதில் இருந்தது. உழவரின் நலனைவிட இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளின் பசிக்கு அதிகம் பொருந்திய கணக்கு அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பின்னர் தாம்சன், வங்காளத் தொழிலதிபர் துவாரகநாத் தாகூரோடு கல்கத்தா வந்து, 1843-இல் அங்கே வங்காள பிரிட்டிஷ் இந்தியச் சங்கம் உருவாகத் துணைநின்றார். அதே ஆண்டில் கம்பெனி அரசின் ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமை என்று உரிமை கோரும் வழக்கை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. இலங்கையில் 1844-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று ஆக, 1860-இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ஆளைக் குறிக்கக் ‘குவேக்கர்’ என்று எழுதுவதே நல்லது. வசையாகப் பிறந்தாலும் அவர்களே பிறகு ஏற்றுக்கொண்ட பெயர். அதை ‘நடுங்கிகள்’ என்று மொழிபெயர்த்தால் பென்னட்டின் ஏளனம் மட்டுமே தமிழுக்கு வந்துசேரும். அமைப்பைக் குறிக்க ‘நண்பர் சபை’ என்பேன். ‘தோழர்’ பொருளால் நெருங்கினாலும், இன்று அது பொதுவுடைமை இயக்கத்தின் விளிச்சொல்லாக நிலைத்துவிட்டது. ‘சிநேகிதர்’ வேதாகமத் தமிழுக்கு நேர் என்றாலும் இன்றைய எழுத்தில் வழக்கொழிந்து வருகிறது. ‘நண்பர் சங்கம்’ என்றால் ஊர் மன்றம்போல் ஒலிக்கிறது. ‘திருச்சபை’ அறவே பொருந்தாது: குருவும் கோபுரமும் வேண்டாம் என்றவர்கள் தொழுத இடத்தைக் ‘கூட்ட இல்லம்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

‘அடிமை ஒழிப்பு’ என்று நாம் எழுதும் தொடரிலும் கவனம் தேவை. அடிமை வணிக ஒழிப்பு ஒன்று, அடிமை முறை ஒழிப்பு வேறொன்று. பிரிட்டனில் முன்னதற்கு 1807, பின்னதற்கு 1833. இரண்டையும் ஒன்றாக்கினால், இடைப்பட்ட இருபத்தாறு ஆண்டுகளில் தோட்டங்களில் மாய்ந்தவர்கள் கணக்கில் வராமலே போய்விடுவார்கள். அந்த இயக்கத்தாரை ‘அடிமை முறை ஒழிப்பாளர்’ என்று முழுதாகவே எழுதலாம்.

எலிசபெத்தைப் பற்றி எழுதும்போது இன்னும் ஒரு நுட்பம் உண்டு. சபைக்கு வெளியே மணம் செய்தவரை விலக்கி வைப்பது அன்றைய நண்பர் சபையின் விதி. அகமணம் தலைமுறைதோறும் தொடர்ந்ததால்தான் பீஸ் குடும்பத்தாருக்கு இங்கிலாந்தின் பல ஊர்களில் சொந்தபந்தம் இருந்தது. அடிமை ஒழிப்பு மனுக்களும் துண்டறிக்கைகளும் அந்த உறவின் வழியே வேகமாகப் பரவின. 1853-இல் எலிசபெத், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வானியல் பேராசிரியர் ஜான் பிரிங்கிள் நிக்கலை மணந்தார். அவர் குவேக்கர் இல்லை. சபை எலிசபெத்தை நீக்கியது. கணவர் 1859-இல் இறந்தபின் எடின்பரோவில் குடியேறிப் பெண்களின் வாக்குரிமைக்காகவும், ஆய்வுக்காக விலங்குகளை உயிரோடு அறுப்பதற்கு எதிராகவும் 1897-இல் மறையும்வரை உழைத்தார். ஆகவே 1853-க்குப் பிந்தைய எலிசபெத் பீஸ் நிக்கலைக் ‘குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர்’ என்று எழுதுவதே துல்லியம். சபை அவரை நீக்கிய பிறகு அவர் செய்தவற்றைச் சபையின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.