பின்பக்கத்தைப் பார்க்காமல் ஏலம் கேட்காதீர்கள்

போன மாதம் ஒரு பெரியவர் சின்ன உறைக்குள் ஒரே ஒரு ஸ்டாம்பை வைத்துக் கொண்டுவந்தார். 1847-ல் அமெரிக்க அரசு முதன்முதலாக வெளியிட்ட இரண்டு வகை ஸ்டாம்புகளில் ஒன்று. 10 சென்ட், கறுப்பு, வாஷிங்டன் படம். நாலு பக்கமும் ஓரம் முழுசாக இருந்தது. அந்த ஸ்டாம்புகளில் துளை கிடையாது, கத்தரியால்தான் வெட்டினார்கள். அதனால் நாலு ஓரமும் தப்பிப் பிழைத்தது சுலபத்தில் கிடைக்காது. 'பயன்படுத்தாதது' என்ற குறிப்பை நம்பி ஏலத்தில் எடுத்திருக்கிறார். அசல்தான் என்ற நிபுணர் சான்றிதழ் கேட்கவில்லை.

இடுக்கியால் எடுத்துப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். வாஷிங்டன் கன்னத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல ஒரு நிழல். அன்றைக்குப் பல தபால் அலுவலகங்களில் பேனாவால் கோடு இழுத்தே ஸ்டாம்பை ரத்து செய்தார்கள். அந்த மையை யாரோ ரசாயனம் வைத்துக் கழுவியிருக்கிறார்கள். பேனாக்கோடு உள்ளதற்கு விலை குறைவு, பயன்படுத்தாததற்குப் பல மடங்கு அதிகம். வித்தியாசம் முழுக்க விற்றவர் பையில். பெரியவரிடம் இதைச் சொல்லும்போது எனக்கு வாய் வரவில்லை.

ஸ்டாம்பைக் கழுவி மறுபடி ஒட்டிவிடுவார்களோ என்ற பயம் அந்த அரசுக்கே இருந்தது. அதனால்தான் 1867-ல் 'கிரில்' வந்தது. காகிதத்தில் நெருக்கமாகச் சின்னச் சின்னப் புள்ளிகளை அழுத்தி நார்களை உடைத்துவிடுவார்கள். முத்திரை மை உள்ளே இறங்கிவிடும், கழுவினாலும் போகாது. கிரில் வகைகளுக்கு ஆங்கில எழுத்துகளில் பெயர் உண்டு. அதில் 'இசட் கிரில்' உள்ள 1 சென்ட் பிராங்க்ளின் ஸ்டாம்பு இரண்டே இரண்டுதான் தெரியவந்திருக்கிறது. ஒன்று நியூயார்க் பொது நூலகத்தின் சேகரிப்பில் உள்ளது. மற்றொன்று 2024 ஜூனில் 43,66,000 டாலருக்குப் போனது. ஏலச் சுத்தியல் விழுந்தது 37 லட்சத்தில். மிச்சம் 18 சதவீத வாங்குவோர் கட்டணம். நீங்கள் கேட்கும் தொகையோடு இதையும் முதலிலேயே கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கையைத் தூக்குங்கள்.

அதே பிராங்க்ளின், அதே நீலம், 'ஈ கிரில்' என்றால் இந்த விலையின் பக்கத்திலேயே வராது. ஈ கிரில் சுமார் 11-க்கு 13 மில்லிமீட்டர், இசட் 11-க்கு 14. இசட்டில் புள்ளிகளின் முகடு படுக்கைவாட்டில் இருக்கும், மற்றவற்றில் செங்குத்தாக. இவ்வளவுதான் வித்தியாசம் என்பதால் போலியாகக் கிரில் அழுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். முன்பக்கத்தில் கிரில் சரியாகத் தெரியாது. திருப்பிப் போட்டு, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

ஓரத்திலும் ஏமாற்று உண்டு. 1857-ல் துளையோடு வந்தவற்றின் துளையை வெட்டி, 1851-ன் துளையில்லாத ஸ்டாம்பு என்று விற்பார்கள். ஓரம் ஒட்ட நறுக்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். பயன்படுத்தாதது போலக் காட்டப் பின்பக்கத்தில் புதுப்பசை தடவியதும் நிறைய வருகிறது. துளைப் பற்களின் நுனியை லூப்பில் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) பார்த்தால் பசை வழிந்து நார் விறைத்து நிற்கும். 1847 ஸ்டாம்புகளுக்கு 1875-ல் அரசே அச்சிட்ட நகல் பதிப்பும் உண்டு, அதையும் மனதில் வையுங்கள்.

ஸ்டாம்பு விலைப் பட்டியலான ஸ்காட் கேட்லாக்கில் உள்ள விலை நல்ல நிலையில் இருக்கும், குறையில்லாத ஸ்டாம்புக்கு. காகிதம் மெலிந்தது, மடிப்பு, ஒட்டு என்று ஏதாவது இருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். பழைய ஏலங்களில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று தேடிப் பாருங்கள், அதுதான் சந்தை.

சான்றிதழ் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஃபிலடெலிக் ஃபவுண்டேஷன், அமெரிக்கன் ஃபிலடெலிக் சொசைட்டி போல ஸ்டாம்பைச் சோதித்துச் சான்று தரும் இடங்களில் வாங்கியதா, எந்த வருஷத்தது, அதில் உள்ள படமும் கையில் உள்ள ஸ்டாம்பும் ஒன்றுதானா, எல்லாம் பாருங்கள். சான்றிதழ் இல்லையென்றால், ஏலத்துக்கு முன்பே ஏல நிறுவனத்துக்கு எழுதி, நிபுணர் சோதனைக்கு அவகாசம் கேளுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

பெரியவருக்கு அதுதான் நடந்தது. திருப்பிக் கொடுக்க 30 நாள் கெடு. அவர் என்னிடம் வந்தது ஆறாவது வாரம். கிளம்பும்முன் ஒரு காகிதம் கேட்டார். 'பேனா மை கழுவப்பட்டது' என்று எழுதித் தேதி போடச் சொல்லி, அதை ஸ்டாம்போடு அதே உறைக்குள் வைத்துக்கொண்டார்.